டீசல் இன்ஜின் கட்டுமீறி ஓடினால், ரிவர்ஸில் ஓடினால்: அறிகுறி பார்த்து நிறுத்தும் முறை

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறியை நிறுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். டீசலில் நிறுத்துவதற்குத் தீப்பொறியே கிடையாது. அமுங்கிச் சூடான காற்றில் எரியக்கூடிய எது வந்து விழுந்தாலும் எரியும். அது பம்ப் அனுப்பிய டீசலா, டர்போவில் கசிந்த ஆயிலா, வெளியே மிதந்த கேஸா என்று சிலிண்டருக்குத் தெரியாது. காற்றுக்கும் பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் கட்டுப்பாடு இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே போகும் எரிபொருளின் அளவு ஒன்றுதான். அந்த அளவு கைமீறிப் போனால் சாவி, ஆக்சிலரேட்டர், ஸ்டாப் சுவிட்ச் எதுவும் பேச்சுக் கேட்காது. அப்போது நம் கையில் மிச்சம் இருப்பது காற்று மட்டும்.

அதனால் எந்த நடவடிக்கைக்கும் முன்னால் ஒரு நொடி செலவழித்துப் பார்க்க வேண்டியது: இன்ஜின் எந்த வாயால் மூச்சு இழுக்கிறது? நேராக ஓடும் இன்ஜின் ஏர் கிளீனர் வழியே இழுக்கும். ரிவர்ஸில் ஓடும் இன்ஜின் சைலன்சர் வழியே இழுத்து, புகையை ஏர் கிளீனர் வழியே தள்ளும். இது தெரியாமல் ஏர் கிளீனரைத் திறக்கப் போனால் சூடான புகையும் சில நேரம் தீயும் முகத்தில் அடிக்கும்.

வேகம் தானாக ஏறுகிறது, சாவியை அணைத்தும் நிற்கவில்லை

இன்ஜின் ரேஸ் ஆகி நிற்காத இந்த நிலையில் காரணம் தேடக் கூடாது, நிறுத்த வேண்டும். ஃப்ளைவீல், ஃபேன், பெல்ட் சுழலும் தளத்துக்கு நேர் எதிரே யாரும் நிற்க வேண்டாம். உடைந்தால் துண்டுகள் அந்தத் தளத்தில்தான் பறக்கும். சுழலும் பாகத்தின் மீதான விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. நிமிடத்துக்கு 650 சுற்றில் ஓட வேண்டிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின் 1300 சுற்றுக்குப் போனால் ஃப்ளைவீல் மீதான விசை நான்கு மடங்கு. 60 செ.மீ. விட்டமுள்ள ஃப்ளைவீலின் விளிம்பு 650 சுற்றில் நொடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடுகிறது, 1300 சுற்றில் சுமார் 41 மீட்டர். வார்ப்பிரும்பு விளிம்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை நொடிக்கு சுமார் 30 மீட்டர். வேகம் ஏறத் தொடங்கிய முதல் சில நொடிகளிலேயே கை வைக்க முடிந்தால் வையுங்கள். ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தால், காற்றை அடைக்கும் தகடு கையில் தயாராக இல்லையென்றால், ஆட்களை விலக்கிக்கொண்டு தூரப் போவதுதான் சரி. இன்ஜின் போனால் போகட்டும்.

நிறுத்தும் வரிசை இது:

1. ஸ்டாப் லீவரையோ ஸ்டாப் கேபிளையோ முழுவதும் இழுத்துப் பிடியுங்கள். இரண்டு நொடியில் வேகம் இறங்காவிட்டால் அடுத்ததற்குப் போங்கள்.

2. காற்றை அடையுங்கள். ஏர் கிளீனரின் வாயையோ டர்போவுக்குப் போகும் குழாயின் வாயையோ தட்டையான பலகையாலோ இரும்புத் தகட்டாலோ மூடுங்கள். தகடு வாயைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து சறுக்கி மூடுங்கள். விரல் இடையில் போகக் கூடாது. 12 மி.மீ. பிளைவுட் போதும், மெல்லிய பிளாஸ்டிக் போதாது. 10 செ.மீ. வாய்க்கு முழு வெற்றிடம் வந்தால் தகட்டின் மேல் ஏறக்குறைய 80 கிலோ விசை விழும். உள்ளங்கை, துணி, சாக்கு வைத்து அடைக்கவே கூடாது என்பதற்குக் காரணம் இந்த 80 கிலோதான். துணி உள்ளே போகும், கையும் கூடவே போகும்.

3. தகடு இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். குழலை, காற்று உள்ளே போகும் இன்டேக் வாய்க்குள் நேராக நீட்டி, இன்ஜின் முழுதும் நிற்கும்வரை விடாமல் அடியுங்கள். பாதியில் விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2 லிட்டர் இன்ஜின் 4000 சுற்றில் டர்போ இல்லாமலே நொடிக்கு சுமார் 67 லிட்டர் காற்றை விழுங்குகிறது. 2 கிலோ சிலிண்டரிலிருந்து வரும் வாயு சுமார் 1100 லிட்டர். சிறிய இன்ஜினுக்கு இது தாராளம். பெரிய டர்போ லாரி இன்ஜினுக்கு 2 கிலோ பாட்டில் சந்தேகம்தான்.

பவுடர் தீயணைப்பானும் நிறுத்தலாம். ஆனால் அந்தத் தூள் சிலிண்டர் சுவரையும் டர்போவையும் அரம்போல் தேய்க்கும். வேறு வழி இல்லாதபோது மட்டும். தண்ணீரை இன்டேக்கில் ஊற்றாதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்தோ உடைந்தோ வெளியே வரும்.

மேனுவல் கியர் வண்டி என்றால் இன்னொரு வழி உண்டு. நின்றிருக்கும் வண்டியில் ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, டாப் கியரில் கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கக் கூடாது. இது ஆரம்பத்தில் மட்டும் பலிக்கும். வேகம் உச்சத்துக்குப் போனபின் கிளட்ச் வழுக்கிக் கருகும், இன்ஜின் நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் பதற்றத்தில் கிளட்ச்சை மிதிப்பதோ நியூட்ரலுக்குத் தள்ளுவதோ தவறு. சுமை விலகியதும் இன்ஜின் இன்னும் எகிறும். கியரிலேயே வைத்து பிரேக்கால் அமுக்கி நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் கியரில் இந்த வழி கிடையாது.

ஜெனரேட்டர் என்றால் முதல் கை மெயின் பிரேக்கருக்குப் போகும். போகக் கூடாது. இருக்கும் சுமையையும் எடுத்துவிட்டால் வேகம் மேலும் ஏறும். காற்றை முதலில் அடைத்து, உடனே அடுத்ததாக பிரேக்கரை இறக்குங்கள்.

டிகம்ப்ரஷன் லீவர் உள்ள சிறிய இன்ஜினில் அதைத் தூக்கினால் சிலிண்டரில் அழுத்தம் போய்விடும். ஆயிலில் ஓடினாலும் சரி, டீசலில் ஓடினாலும் சரி, ஓட்டம் அறுந்துவிடும். அதிக வேகத்தில் தூக்கினால் புஷ் ராட் வளையலாம். ஃப்ளைவீல் உடைவதைவிட அது மலிவு. ஆனால் லீவர் ஃப்ளைவீலுக்கு நேரே கைநீட்டும் இடத்தில் இருந்தால் இதையும் விட்டுவிடுங்கள்.

டேங்க் வால்வை மூடுவது தப்பில்லை, ஆனால் நம்ப வேண்டாம். ஃபில்டரிலும் பம்பிலும் இருக்கும் டீசல் தீரும்வரை ஓடும், ஆயிலில் ஓடினால் வால்வுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஓடும் இன்ஜினில், சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் நாசிலின் பைப் நட்டைத் தளர்த்தச் சொல்பவர்கள் உண்டு. பழைய பம்பிலேயே அது தோலைத் துளைக்கும் அழுத்தம். எல்லா நாசிலுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயிலில் 1000 பாருக்கு மேல் போகும். ரெயில் பைப்பில் ஸ்பேனர் வைக்கவே வேண்டாம்.

கரும்புகையோடு எகிறியது

புகை கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் பம்ப்தான் அதிக டீசல் தள்ளுகிறது. நின்றபின் பம்பின் மூடியைக் கழற்றி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல் தண்டான ரேக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். இரு பக்கமும் எண்ணெயில் சறுக்குவதுபோல் போய்வர வேண்டும். ஓரிடத்தில் பிடித்தாலும் தவறு. நாள்கணக்கில் நிறுத்தி வைத்த இன்ஜினில் டீசல் பிசினாக இறுகியோ தண்ணீர் கலந்து துருவேறியோ, டீசலைத் தள்ளும் ஒரு பிளஞ்சர் பிடித்திருக்கும். அந்த ஒன்று போதும், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ரேக்கை முழு டீசல் நிலையில் அடைத்துவிடும்.

பம்ப் வேலை செய்து மாட்டிய முதல் ஸ்டார்ட்தான் மிகவும் ஆபத்தான நேரம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் லிங்க் பின் மாட்டாமல் விட்டது, ஸ்பிரிங் இடம் மாறியது, ரேக் பற்கள் குறி தப்பிச் சேர்ந்தது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். முதல் ஸ்டார்ட்டுக்கு இன்டேக் பைப்பைக் கழற்றி, ஒருவர் தகடோடு பக்கத்தில் நிற்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இருந்தால் அதன் வாயைத் திறந்து விடாமல், ஏர் கிளீனர் பக்கத்து வாயை மூடும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

பழைய வண்டிகளில் காற்றுக் கவர்னர் இருக்கும்: இன்டேக் குழாயின் குறுகிய பகுதியான வெஞ்சுரியின் வெற்றிடம் ஒரு டயஃப்ரத்தை இழுத்து ரேக்கைக் குறைவான டீசல் பக்கம் வைத்திருக்கும், எதிர்ப்பக்கம் ஸ்பிரிங் தள்ளும். வெற்றிடக் குழாய் கழன்றாலோ டயஃப்ரம் கிழிந்தாலோ ஸ்பிரிங் ஜெயித்துவிடும், இன்ஜின் முழு வேகத்துக்குப் போகும். டயஃப்ரம் சோதிப்பது எளிது. இன்ஜின் நின்றிருக்கும்போது ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்து, வெற்றிடக் குழாய் முனையை விரலால் அடைத்து, லீவரை விடுங்கள். ரேக் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டால் டயஃப்ரம் நல்லது; மெல்ல முழுதும் திரும்பி வந்துவிட்டால் எங்கோ கசிகிறது.

நீலமோ வெள்ளையோ கலந்த அடர் புகை

இது ஆயில். எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி, அதற்கு முதல் சாட்சி ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்.

அளவு மேக்ஸ் குறிக்கு மேலே இருந்தால் யாராவது அதிகம் ஊற்றியிருக்க வேண்டும், அல்லது டீசல், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் இறங்கியிருக்க வேண்டும். விரலில் தொட்டு முகருங்கள். வழுவழுப்பு இல்லாமல் தண்ணீராக, டீசல் வாடையோடு இருந்தால் இரண்டாவது. டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் கிழிசல், சொட்டும் நாசில், வால்வ் கவருக்கு உள்ளே ஓடும் ரிட்டர்ன் பைப்பின் கசிவு ஆகியவை வழக்கமான காரணங்கள். புகையின் கரித்துகளைப் பிடிக்கும் துகள் ஃபில்டர் உள்ள புது வண்டிகளில் அதைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் டீசல் தெளிக்கும். ஊருக்குள்ளேயே ஓடி அந்தச் சுத்தம் பாதியில் பாதியில் நின்றால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்புக்கு வரும். ஆயில் ஏறிக்கொண்டே போகும் வண்டியை அடுத்த சர்வீஸ்வரை ஓட்டலாம் என்று நினைப்பதுதான் தவறு. மட்டம் ஏறியதும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்கும், கிராங்க் அறையின் வாயு வெளியேறும் பிரீதர் வழியே அது இன்டேக்குக்கு வரும், இன்ஜின் தன் ஆயிலைத் தானே குடித்து ஓடத் தொடங்கும்.

அளவு சரியாகவோ குறைவாகவோ இருந்தால் டர்போவைப் பாருங்கள். இன்ஜின் ஆறியபின் இன்டேக் குழாயைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. சக்கரம் கூட்டில் உரசினால் பேரிங் போய்விட்டது. முன்னும் பின்னுமாக உணரும்படி ஆட்டம் இருந்தாலும் அதே முடிவு. டர்போவின் ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருந்தால் நல்ல சீலும் கசியும், அதனால் டர்போ மாற்றும்போது அந்தக் குழாயையும் கழற்றிப் பாருங்கள். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்க்காமல் விடாதீர்கள். ஒரு லிட்டர் ஆயில் தேங்கியிருந்தாலும் வெளியே தெரியாது. புது டர்போ போட்டு, முதல் முறை ஆக்சிலரேட்டர் அழுத்தியதும் அந்தத் தேக்கம் மொத்தமாக இழுபட்டு மறுபடி எகிறும்.

டர்போ நன்றாக இருந்தால் மிச்சம் பிஸ்டன் ரிங். ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஐடிலில் ஓட்டும்போது புகை விட்டு விட்டு வேகமாக ஊதினால் பிஸ்டன் தாண்டி வாயு கீழே வருகிறது. ஆனால் ஒருமுறை எகிறிய இன்ஜினை மற்ற காரணங்களைச் சரிசெய்யாமல் இந்தச் சோதனைக்காக ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எண்ணெய்க் குளியல் ஏர் கிளீனர் உள்ள இன்ஜின்களில் கிண்ணத்தில் குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றியதும் ஒரு காரணமாகும். சரிந்த நிலத்தில் ஓடும்போது அது நேராக இன்டேக்குக்குப் போகும்.

புகை அதிகம் இல்லை, வேகம் மட்டும் ஏறுகிறது

சுற்றிலும் கேஸ் அல்லது பெட்ரோல் ஆவி இருக்கிறதா? டேங்கர் இறக்கும் இடம், கேஸ் கசிவு, எண்ணெய்க் கிணறு என்றால் இன்ஜின் காற்றோடு சேர்த்து எரிபொருளையும் இழுக்கிறது. இங்கே பிரச்சினை இன்ஜினோடு முடியாது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஆவி மேகம் பரவியபோது, அருகில் ஐடிலில் விட்டிருந்த டீசல் பிக்கப் லாரி அந்த ஆவியை இழுத்து எகிறியது. மேகத்துக்குத் தீ வைத்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று விசாரணை சொன்னது. 15 பேர் இறந்தார்கள். ஆவி வாடை அடித்து இன்ஜின் எகிறினால் வண்டியைக் காப்பாற்ற நிற்காதீர்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஓடுங்கள்.

அணைத்தபின் நாலைந்து நொடி ஓடி நிற்கிறது

வேகம் ஏறாமல் ஐடிலிலேயே தொடர்ந்தால் ஸ்டாப் சோலனாய்டு முழுதாக மூடவில்லை. கைலீவரால் நிறுத்தி சோலனாய்டைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். நிற்கும் முன் வேகம் லேசாக ஏறி இறங்கினால் அது ஆயில். பெரிய எகிறலுக்கு முன்னறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு அன்றே டிப்ஸ்டிக்கும் இன்டர்கூலரும் பாருங்கள்.

முதல் கியரில் வண்டி பின்னால் போகிறது, ஏர் கிளீனரில் புகை வருகிறது

இன்ஜின் ரிவர்ஸில் ஓடுகிறது. ஆயில் விளக்கு எரியும், சத்தம் கரகரப்பாக இருக்கும். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர் என்றால் அதில் ஓடும் மோட்டார்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினால் இது எப்படி முடிகிறது? வால்வ் டைமிங்கைத் திருப்பிப் படித்தால் புரியும். எக்ஸாஸ்ட் வால்வ், பிஸ்டன் அடியில் இருக்கும் கீழ் மையத்துக்கு 45 டிகிரி முன் திறந்து, உச்சியில் இருக்கும் மேல் மையத்துக்கு 10 டிகிரி பின் மூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் அதுவே மேல் மையத்துக்கு 10 டிகிரி முன் திறந்து, கீழ் மையத்துக்கு 45 டிகிரி பின் மூடும். இது அப்படியே இன்டேக் வால்வின் டைமிங். இரண்டு வால்வும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. மிச்சம் வேண்டியது சரியான நேரத்தில் டீசல். பம்பின் கேம் இரு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால் அதுவும் கிடைத்துவிடும். அதனால்தான் சில வரிசை பம்புகளில் கேமின் ஒரு பக்கத்தை, இன்ஜின் எதிர்த்திசையில் ஓட முடியாதபடி வடிவமைக்கிறார்கள். பாஷ் விஇ வகைச் சுழல் பம்பில் எதிர்த்திசையில் பிளஞ்சர் தள்ளும்போது உள்வாயில் திறந்தே இருப்பதால் டீசல் போகாது.

தூண்டுவது பெரும்பாலும் மூன்று: மேட்டில் இன்ஜின் திணறி நிற்கும் நொடியில் முன் கியரிலேயே வண்டி பின்னால் உருள்வது, சுமையில் அணையும் இன்ஜின் மேல் மையத்தைத் தாண்டாமல் திரும்பி ஆடும்போது டீசலைத் திறந்துவிடுவது, அரைகுறை பலத்தில் ஹேண்டில் சுற்றுவது.

ரிவர்ஸில் ஓடுவதே சேதமில்லை. பெரிய கப்பல்களின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களை வேண்டுமென்றே திருப்பி ஓட்டுகிறார்கள். ஆனால் அவற்றின் ஆயில் பம்ப் தனி மோட்டாரில் ஓடுகிறது. நம் இன்ஜினில் பம்ப் கிராங்க்கோடு பிணைந்தது. அது எதிர்ப்பக்கம் சுற்றினால் பேரிங்குகளிலிருந்து ஆயிலை உறிஞ்சி சம்ப்புக்கே தள்ளும். ஆகவே நேரம் குறைவு.

இங்கே எரிபொருள் இன்னும் பம்ப் வழியேதான் வருகிறது. ஸ்டாப் லீவரை இழுத்தாலே நின்றுவிடும். நிற்காவிட்டால் டிகம்ப்ரஷன் லீவர், அல்லது பிரேக் பிடித்து டாப் கியரில் கிளட்ச்சை விடுவது. முன் கியரில் வண்டி பின்னால் குதிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். காற்றை அடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பலகை போக வேண்டியது சைலன்சர் வாய்க்கு. காற்றுக் கவர்னர் உள்ள இன்ஜினில் ஆபத்து இரட்டை. இன்டேக்கில் இப்போது வெற்றிடம் இல்லை, புகைதான் வெளியேறுகிறது. ஸ்பிரிங் ரேக்கை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். திரும்பி ஓடுவதோடு எகிறவும் செய்யும்.

ஸ்டார்ட்டரைத் தட்டித் திசை மாற்றலாம் என்று முயலாதீர்கள், பினியன் பல் உடையும்.

நின்றபின் ஏர் கிளீனர் பேப்பரை மாற்றுங்கள், கருகியிருக்கும். எண்ணெய்க் கிண்ணம் காலியாகியிருக்கும், நிரப்புங்கள். சைலன்சரின் கரித்துண்டும் துருவும் சிலிண்டருக்குள் இழுபட்டிருக்கலாம், எனவே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றித் தடை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் பிரஷர் வரும்வரை சுற்றவிட்டு, அதன்பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிக்கு மேல் ரிவர்ஸில் ஓடியிருந்தால் ஒரு பேரிங்கையாவது திறந்து பார்ப்பது நல்லது.

ஹேண்டில் திருப்பி அடிக்கிறது

ரிவர்ஸ் ஓட்டத்தின் தொடக்கம் இதுதான். ஹேண்டில் நேர்த்திசையில் தானாகக் கழன்றுகொள்ளும்படி செய்யப்பட்டது. எதிர்த்திசையில் கவ்விப் பிடித்து, கையோடு சேர்த்துச் சுற்றும். கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடியுங்கள். டிகம்ப்ரஷனைத் தூக்கி ஃப்ளைவீலுக்கு நல்ல வேகம் வந்தபின்பே லீவரை விடுங்கள்.

அப்படியும் அடித்தால் டைமிங் முந்தியிருக்கிறது. லிஸ்டர் வகை மெதுவேக இன்ஜினில் டீசல் தொடங்க வேண்டியது மேல் மையத்துக்கு சுமார் 20 டிகிரி முன். 60 செ.மீ. ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு டிகிரி 5.2 மி.மீ., 20 டிகிரி சுமார் 105 மி.மீ. பம்பின் நாசில் பைப்பைக் கழற்றி, ஃப்ளைவீலை மெல்லச் சுற்றி, டீசல் மேலேறும் கணத்தில் நிறுத்தி அளந்தால் போதும். 130 மி.மீ. வந்தால் 5 டிகிரி முந்தியிருக்கிறது என்று பொருள்; பம்பின் டேப்பெட்டைத் தாழ்த்திச் சரிசெய்யுங்கள்.

காற்று அடைப்பு வால்வ் மாட்டுவதாக இருந்தால்

கேஸ் புழங்கும் இடத்தில் ஓடும் இன்ஜினுக்கு இது கட்டாயம் வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே மாட்டுங்கள். வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே பிரீதர் குழாய் சேர்ந்தால் வால்வ் மூடியபின்னும் அந்த வழியே ஆயிலும் காற்றும் போகும்; குழாயை வால்வுக்கு முன்பக்கம் மாற்றுங்கள். மாதம் ஒருமுறை ஐடிலில் மட்டும் தட்டிச் சோதியுங்கள், சில நொடிகளில் நிற்க வேண்டும். அதிக வேகத்தில் சோதித்தால் டர்போ சீல்கள் வழியே ஆயில் இழுபடும். வால்வ் மூடிய நிலையிலேயே மறந்துவிட்டு ஸ்டார்ட் அடித்துப் பேட்டரியைத் தீர்ப்பது அடிக்கடி நடக்கிறது, திரும்பத் திறந்துவிடும் கைப்பிடி ஓட்டுநர் பார்வையில் படும்படி இருக்கட்டும்.